சுரையாவின் இடது பக்கம்

புதுச்சேரி முல்லா வீதியில் சுரையாவின் வீட்டை விசாரித்தால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "ஸ்கூட்டி அக்கா வீடா? அதோ அந்தப் பச்ச கேட்டு" என்று கையை நீட்டிவிடுவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் தைரியமாக வண்டி ஓட்டிப் போகிறார்கள் என்றால், அவர்களில் பலருக்கு முதன்முதலில் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அவளே கற்றுக்கொண்டது நாற்பத்துமூன்று வயதில். கணவர் ஜலால் பெயிண்ட் கடை வைத்திருந்தார். கடை ஏணியிலிருந்து விழுந்து முட்டி போனபிறகு அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. மகள் ரூமானாவை லாஸ்பேட்டையில் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட ஆளில்லை. சுரையா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. உப்பளத்தில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் திடலில், காலைத் தொழுகை முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், விழுந்து எழுந்து, முழங்கையில் தோல் உரிந்து கற்றுக்கொண்டாள். முதல் நாள் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனபோது வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனாள். "அம்மா ஓதறத நிறுத்திட்டு ஹாரன் அடிம்மா" என்று ரூமானா கத்தியதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ரூமானா காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். இப்படித்தான் அவள் ஸ்கூட்டி அக்கா ஆனாள். முதல் வாரம் முழுக்க வண்டியைக் கிளப்பவே விடமாட்டாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நடந்து நடந்தே வண்டியை நகர்த்த வேண்டும். அடுத்து பிரேக். ஆக்சிலேட்டர் கடைசியில்தான். முன்னால் மாணவி உட்கார, பின்னால் அவள் உட்கார்ந்து, "பாத்தும்மா, பாத்து, ரோட்டப் பாரு, என்னப் பாக்காத" என்று காதருகே சொல்லிக்கொண்டே வருவாள்.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. சர்க்கரை இல்லை, முட்டி வலி இல்லை. கண்ணைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. வெள்ளெழுத்து வந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனாள். காந்தி வீதி நடைபாதையில் கண்ணாடிகளைப் பரப்பிவைத்திருப்பவனிடம் ஒன்றிரண்டை மாட்டிப் பார்த்து, செய்தித்தாள் எழுத்து எதில் தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிவந்தாள். பவர் போதவில்லை என்று தோன்றினால் மறுபடி சந்தை, மறுபடி ஒரு கண்ணாடி. கண் டாக்டரிடம் போவதெல்லாம் புரை விழுந்தவர்கள் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தாள். தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை ஜலாலுக்கு முன்னால் படித்துச் சொல்கிறவளுக்கு டாக்டர் எதற்கு?

சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. நிலைப்படியைத் தாண்டும்போது இடது தோள் கதவில் இடித்தது. சமையலறையில் இடது கைப் பக்கம் வைத்த டம்ளர் அடிக்கடி கவிழ்ந்தது. "கதவ உடச்சிட்டுத்தான் வெளிய போவியா?" என்று ஜலால் கேட்டார். வயதாகிறது, கவனம் குறைகிறது என்று அவளும் சொல்லிக்கொண்டாள். அதைவிட மனதைக் குடைந்தது வேறொன்று. கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்வந்த மறுவாரம், ஜலாலின் ஒன்றுவிட்ட அக்கா யாரிடமோ சொல்லியிருந்தாள்: "பக்கத்துலயே உக்காந்து சலாம் சொல்றேன், திரும்பிக்கூடப் பாக்கல. வண்டி ஓட்டறால்ல, தலக்கனம்." சுரையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாள் நிக்காஹ்வுக்கு வந்திருந்ததே அவளுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த சமயம் அது. அப்போது அவளிடம் பாரதி என்ற பெண் கற்றுக்கொண்டிருந்தாள். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை. நாற்பத்தேழு வயதுக்காரி. ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து அலுத்துப்போய், வண்டி கற்றே தீருவது என்று வந்தவள். அன்று காலை பாடம் முடிந்ததும் சுரையா அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுப்பையா சாலை வழியாக வந்தாள். முல்லா வீதிக்குத் திரும்பும் முனை. வண்டியை மெதுவாக்கினாள், இடமும் வலமும் பார்த்தாள், திரும்பினாள்.

அடுத்த நொடி ஏதோ மோதியது. வண்டி ஆடி நின்றது. சாலையெங்கும் ரொட்டிகள். ஒரு சாக்கு விரித்த கூடையிலிருந்து நீள நீள ரொட்டிகள் உருண்டு, ஒன்று சாக்கடை ஓரம்வரை போயிருந்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் பேக்கரியிலிருந்து வீடு வீடாக ரொட்டி போடுகிறவர். நல்லவேளை, தோல் உரிந்ததோடு போயிற்று.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் அவளை விளங்காத ஒரு பார்வை பார்த்து, "ஏம்மா, என்னப் பாத்துக்கிட்டேதானம்மா வந்த? நீ பாத்துட்டன்னுதானே நா வந்தேன்" என்றார்.

அவள் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். அங்கே யாருமே இல்லை.

பெரியவரைப் பக்கத்து டீக்கடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, காயத்தைக் கழுவி, கோணிப்போன சக்கரத்தைச் சரிசெய்ய ஆள் ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டு அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். பாரதி டீ வாங்கிக்கொடுத்தாள். பிறகு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என் மூக்கையே பாருங்க. கண்ண நவுத்தக் கூடாது."

"எதுக்குடி?"

"பாருங்கக்கா. எங்க மாமனாருக்கு கண் ஆஸ்பத்திரில இப்படித்தான் பண்ணாங்க." பாரதி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். "இந்தக் கையில எத்தன விரல்?"

"ரெண்டு."

"இந்தக் கையில?"

சுரையா அவள் மூக்கைப் பார்த்தபடியே காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "எந்தக் கையில?"

பாரதியின் முகம் மாறியதை அவள் நன்றாகப் பார்த்தாள். நேர் எதிரே இருப்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று முதலில் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிக்கு முந்தின வரிவரை மளமளவென்று படித்தாள். ஜலாலைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் தெம்பு வந்தது. பிறகு கண் பிரஷர் பார்த்தார்கள். பார்த்த பெண் எண்ணைக் குறித்துவிட்டு, இன்னொரு முறை பார்த்தாள். அடுத்து ஒரு இருட்டறைக்குக் கூட்டிப்போய், வெள்ளைக் கிண்ணம்போல் இருந்த பெரிய எந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும்.

வலது கண்ணுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தாள். இடது கண்ணுக்கு மாற்றியபோது, நடுவில் ஒன்றிரண்டு மின்னின. பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள்.

"ஏம்மா, மெஷினு நின்னுபோச்சா?"

"இல்லம்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அந்த மென்மைதான் சுரையாவைப் பயமுறுத்தியது.

டாக்டர் நிர்மலாதேவிக்கு ஐம்பது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசினார். "கண்ணுக்குள்ள தண்ணி மாதிரி ஒண்ணு ஊறிக்கிட்டே இருக்கும்மா, வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியறது சரியா இல்லன்னா உள்ள பிரஷர் ஏறும். பின்னாடி இருக்கிற நரம்ப அது கொஞ்சம் கொஞ்சமா வீணாக்கிடும். வலி இருக்காது. ஓரத்துலேருந்து போவும், அதனால நமக்குத் தெரியாது. குளுக்கோமான்னு பேரு. இடது கண்ணுல நிறையப் போயிடுச்சு. வலது கண்ணுல இப்பத்தான் ஆரம்பம்."

"போயிருந்தா கறுப்பா தெரியணும் இல்ல டாக்டர்? எனக்கு எங்கயும் கறுப்பே தெரியலயே."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "உங்க முதுகுக்குப் பின்னால இப்ப என்ன தெரியுது? கறுப்பா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"அதே மாதிரிதாம்மா இதுவும்."

சுரையா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தால் திரும்ப வருமா என்று ஜலால்தான் கேட்டார். புரை என்றால் எடுத்துவிட்டால் தெரியும். இது அப்படியில்லை, போன நரம்பு போனதுதான் என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்குச் சொட்டு மருந்து. காலையிலும் மாலையிலும் ஒன்று, படுக்கும்போது இன்னொன்று. ஆயுசு முழுக்க. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து பிரஷர் பார்க்க வேண்டும். மருந்து போதாவிட்டால் பிறகு மற்றதை யோசிக்கலாம்.

"உங்க அம்மா, அப்பா யாருக்காச்சும் கடைசில பார்வ போச்சா?"

சுரையாவுக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. கடைசி நான்கைந்து வருடம் அந்தக் கை சுவரைத் தடவிக்கொண்டேதான் கொல்லைக்குப் போகும். வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அம்மாவும் குறைசொன்னதில்லை.

"இது குடும்பத்துல வர்றது. கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஒருதடவ பாத்துடணும். நாப்பது வயசுக்கு மேல யாரும் சும்மா இருக்கக் கூடாது" என்றார் டாக்டர். கடைசியாக, "வண்டி ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

சுரையா மருந்துச் சீட்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இரண்டு வாரம்போல் வண்டியைத் தொடாமல் இருந்தாள். பிறகு, சந்தடி இல்லாத நேரத்தில் மார்க்கெட்வரை மட்டும் என்று ஒருநாள் எடுத்தாள். பெரிய மார்க்கெட் முனைவரை நன்றாகத்தான் போனாள். அங்கே ஒரு தாயும் பிள்ளையும் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையை மட்டும் பார்த்தாள். தாய் பார்வைக்குள் வந்தது, சுரையா தலையைத் திருப்பிய பிறகுதான். அங்கேயே இறங்கினாள். அவ்வளவு தூரமும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து, சாவியை ஜலாலின் கையில் வைத்தாள்.

"நா கேட்டாலும் குடுக்காதீங்க."

"கேக்க மாட்டே" என்றார் ஜலால். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

சொட்டு மருந்து போடுவது வேறொரு போராட்டம். அவளே போட்டால் பாதி கன்னத்தில் வழிந்தது. ஜலால் போட வந்தால் அவர் கை நடுங்கி, பாட்டில் மூக்குமேல் நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை இருவரும் மாற்றி மாற்றி ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். கையைக் கழுவணும், தலையை அண்ணாந்து கீழிமையை இழுத்துப் பிடிக்கணும், ஒரே சொட்டு, பாட்டிலின் முனை கண்ணில் படக் கூடாது, கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் இருக்கணும். "அழுத்து, அழுத்து, விட்றாத" என்று ஜலால் சொல்லிக்கொண்டு நிற்பார். உப்பளத்தில் மாணவிகளிடம் தான் பேசிய அதே தொனி அது என்று அவளுக்குத் தோன்றும். எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

ஆனால் அந்த மருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலைவலிக்கு மாத்திரை போட்டால் வலி நிற்கிறது. இது எரிகிறது, கண் சிவக்கிறது, பார்வை கூடவுமில்லை குறையவுமில்லை. இருப்பது இருக்கிறபடி இருப்பதற்கு ஒருத்தி எத்தனை நாள் மருந்து போடுவாள்?

ரமலான் வந்தது. பகலில் மருந்து போட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்று சந்தேகம். தொண்டையில் கசப்புத் தெரிவதுண்டே. யாரையும் கேட்காமல் காலை மருந்தை நிறுத்தினாள். இரவு நெடுநேரம் தராவீஹ் தொழுது களைத்துப் படுத்ததில் படுக்கைநேர மருந்தும் பல நாள் விட்டுப்போயிற்று. பெருநாள் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் பழையபடி ஏறியிருந்தது. டாக்டர் சத்தம்போடவில்லை. "நோன்பா?" என்று மட்டும் கேட்டார். சுரையா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நேரத்த மாத்திக் குடுத்திருப்பேனேம்மா. விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு எந்திரிக்கறீங்க இல்ல, அப்ப ஒண்ணு. நோன்பு தொறந்ததும் ஒண்ணு. நிறுத்த மட்டும் கூடாது" என்றார்.

அன்று மாலையே ஜலால் பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுவந்தார். கண்ணில் போடும் மருந்தால் நோன்பு முறியாது என்று அவர் சொன்னாராம். "அல்லா குடுத்த கண்ண அடமானம் வெச்சா நோன்பு புடிக்கச் சொல்லியிருக்கு?" என்றும் கேட்டாராம். சுரையா அன்றிரவு படுக்கும்முன் மருந்துப் பாட்டிலைத் தானே தேடி எடுத்தாள்.

அதன்பிறகு கண் விஷயத்தை அவள் ஒளிக்கவில்லை. அடுத்து ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, கதவருகே நின்று, "எல்லாரும் கேட்டுக்குங்க, எனக்கு இடது பக்கம் தெரியாது. சலாம் சொல்றவங்க முன்னால வந்து சொல்லுங்க" என்று உரக்கவே சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். ஜலாலின் அந்த ஒன்றுவிட்ட அக்கா எழுந்துவந்து, எதிரில் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரூமானா காரைக்காலில் பரிசோதித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை, வருடாவருடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது தம்பி ஜாகிர். ஐம்பத்தைந்து வயது. காலாப்பட்டு வழித்தடத்தில் தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறான். போனில் சொன்னபோதெல்லாம், "பாக்கறேன்கா", "லீவு கெடைக்கலக்கா" என்று தள்ளிக்கொண்டே போனான். போனை எடுப்பதையும் குறைத்தான். கடைசியில் ஒருநாள் மத்தியானம் சுரையா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவன் பஸ்ஸிலேயே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டியை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜாகிர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு முறைத்தான். "எங்கக்கா போற?"

"நீ போற எடத்துக்கு."

வழிநெடுக அவள் சாலையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைச்சாவடியை நெருங்கும்போது, மீன்கூடையோடு நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆடு துள்ளி ஓடிவந்தது. ஜாகிர் சட்டென்று பிரேக் போட்டான். பஸ் குலுங்கி நின்றது. ஆடு தப்பி ஓடியது. "பாத்தியா?" என்றான் அவன் பெருமையாக. "கண்ணு கழுகுக் கண்ணு."

"நானும் இதேதான் சொல்லிக்கிட்டிருந்தேன் தம்பி."

கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானது. டீக்கடைப் பெஞ்சில் அவளுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு ஜாகிர் எதிரில் நின்றான். உட்காரவில்லை.

"அக்கா, உனக்குப் புரியல. டெஸ்ட்டுல ஏதாச்சும் வந்துச்சுன்னு வெச்சுக்க, ஓனரு நாளைக்கே சாவிய வாங்கிடுவாரு. பையன் காலேஜு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுவரைக்கும் என்ன விட்டுடு. அப்புறம் நீ சொல்ற எடத்துக்கெல்லாம் வர்றேன்."

அவன் பயம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபப்பட முடியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, ரொட்டிக்காரரைப் பற்றிச் சொன்னாள். இத்தனை நாளில் ஜலாலிடம்கூட முழுசாகச் சொல்லாத கதை. இடமும் வலமும் பார்த்தது, ஒன்றுமில்லாதது, சாலையெங்கும் ரொட்டி கிடந்தது, அவர் கேட்ட கேள்வி.

"அது சைக்கிளு. நா ஓட்டினது ஸ்கூட்டி. ரெண்டு பேரும் தப்பிச்சோம்" என்றாள். "நீ ஓட்டறது பஸ்ஸுடா."

ஜாகிர் காலி பஸ்ஸைப் பார்த்தபடி நின்றான். கண்டக்டர் அருள்முருகன் வந்து "நேரமாவுதுண்ணே" என்று கூப்பிட்டபோதுதான் அசைந்தான். திரும்பிவந்து பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கும்போது, "வர்ற வெள்ளிக்கெழம எனக்கு ரெஸ்ட்டு" என்றான்.

வெள்ளிக்கிழமை அவனோடு அதே ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த இருட்டறைக்குள் அவன் போனபோது, மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்டுவிடக் கூடாதே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜாகிருக்கும் பிரஷர் அதிகமாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் நரம்பு சேதமாகவில்லை. பார்வையின் பரப்பு முழுசாக இருக்கிறது. இப்போதே மருந்தை ஆரம்பித்து ஒழுங்காகப் போட்டு, தவறாமல் வந்து பார்த்துக்கொண்டால் பயப்பட வேண்டாம்.

"பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"இன்னிக்கு கண்ணு விரிய மருந்து போட்டிருக்கோம், இன்னிக்கு மட்டும் வேணாம். நாளையிலேருந்து ஓட்டுங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவ இங்க வந்து காட்டிட்டு ஓட்டுங்க."

ஜாகிர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் அழுகிறானா, மருந்து வழிகிறதா என்று தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சுரையா மனமாரச் சொன்னாள். சொல்லி முடித்த உடனே, அடியில் கிடந்த இன்னொன்று மேலே வந்தது. எனக்கு இதை யாராவது பத்து வருடம் முன்னால் செய்திருந்தால்? சந்தைக் கண்ணாடி மாட்டிப் பார்த்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளாவது இங்கே வந்திருந்தால்? தம்பிமேல் பொறாமைப்படுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் அது பொறாமைதான். அவள் அதை விரட்டப் பார்க்கவில்லை. கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார விட்டாள். பிறகு எழுந்து, "வா, வெயில்ல கண்ணு கூசும், என் கையப் புடிச்சுக்க" என்றாள்.

உப்பளத் திடலுக்கு அவள் போவது நிற்கவில்லை. மாணவிகளுக்குப் பின்னால் உட்காருவது இப்போது பாரதி. ஸ்கூட்டியும் பாரதியிடம்தான். சுரையா திடலில் ஓரமாக நின்றுகொண்டு, தலையை இடதுபக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சத்தம் போடுவாள். தெருவில் நடந்தாலும் அப்படித்தான். கதவைத் தாண்டும்போது, மாடிப்படி இறங்கும்போது, மார்க்கெட்டில் கூடைக்காரிகளுக்கு நடுவே போகும்போது முதலில் தலை இடதுபக்கம் திரும்பும், அப்புறம்தான் கால் எடுத்துவைப்பாள். பழகிப்போயிற்று. சில நாள் பழகவில்லை. அப்போது தோள் இடிபட்டு நீலமாகக் கன்றிப்போகும்.

முதல் சோதனை நடந்து ஒரு வருடம் கழிந்து மறுபடி அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தாள். இடது கண்ணுக்கு வெளிச்சம் வராத நேரங்களில் இப்போது அவள் எந்திரத்தைச் சந்தேகப்படவில்லை. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தாள். டாக்டர் நிர்மலாதேவி பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்கும்மா."

"அப்படியேன்னா?"

"போன வருசம் எப்படி இருந்துச்சோ அப்படியே. ரெண்டு கண்ணுலயும் ஒரு புள்ளிகூடக் கொறயல."

வெளியே வந்து ஜலாலிடம், "அப்படியே இருக்காம்" என்றாள். வாழ்க்கையில் அவள் கேட்ட நல்ல செய்திகள் எல்லாம் ஏதோ ஒன்று கூடியது பற்றியவை. பிறந்தது, கிடைத்தது, நடந்தது. ஒன்றும் மாறவில்லை என்பதும் நல்ல செய்தியாகும் என்று அவள் நினைத்ததில்லை.

ஜலால் எழுந்து நின்று, "அப்ப கெளம்பலாமா?" என்றார்.

சுரையா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கண்ணு காட்டி எத்தன வருசம் ஆச்சு?"

"எனக்கென்ன? நல்லாதானே தெரியுது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. நேராகச் சீட்டுப் போடும் இடத்துக்கு நடந்தார்.

அவருக்குப் பிரஷர் இல்லை. வலது கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருந்தது. அவசரமில்லை, வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார்கள். கண்ணை விரிக்கும் மருந்து போட்டதில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிய, வெளியே வந்ததும் வெயில் பட்டு இரண்டு கண்ணையும் சுருக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணுந் தெரியல சுரையா. ஆட்டோ நிக்குதா பாரு."

"எதுத்தாப்ல நிக்குது. ரோட்டத் தாண்டணும்."

"நா எந்தப் பக்கம் வர்றது?"

"இடது பக்கம் வாங்க, அப்பத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மறக்க மாட்டேன்" என்றாள் அவள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இடப்புறமாக வந்து நின்றார். முட்டி வலியில் அவருக்கு வேகமாக நடக்க வராது. சுரையா தலையை நன்றாகத் திருப்பி அவரைத் தாண்டிச் சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி போகட்டும் என்று நின்றார்கள். பிறகு ஒரு பால் வண்டி. அதன்பின் சாலை கொஞ்சம் காலியாக இருந்தது.